மறைப்பும் தைப்பும்: தமிழ் முஸ்லிம் பெண்களின் மேலங்கி

தமிழ்நாட்டு முஸ்லிம் பெண்கள் வெளியே செல்லும்போது சேலைக்கோ சுடிதாருக்கோ மேலாக அணிந்துகொள்ளும் நீண்ட அங்கியைப் பேச்சுத்தமிழ் ‘பர்தா’ என்று வழங்குகிறது. செய்தித்தாள்களில் அது ‘புர்கா’ என்றும், துணிக்கடைகளில் ‘அபாயா’ என்றும், சமய விளக்க நூல்களில் ‘ஹிஜாப்’ என்றும் பெயர் மாறி நிற்கிறது. பர்தா பாரசீகச் சொல், ஹிஜாப் அரபுச் சொல். இரண்டுக்கும் அடிப்படைப் பொருள் திரை என்பதே. அதனாலோ என்னவோ, இவ்வுடை பற்றி நடைபெறும் வாதங்கள் எல்லாம் திரையைப் பற்றிய வாதங்களாகவே நின்றுவிடுகின்றன. அந்தத் திரையை வெட்டுபவர் யார், தைப்பவர் யார், அதற்கு எத்தனை அடித் தையல் ஓட வேண்டியிருக்கிறது என்ற கேள்விகள் எழுவதே இல்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு முஸ்லிம்கள் ஏறத்தாழ 42 லட்சம் பேர், அதாவது மாநில மக்கள்தொகையில் 5.86 விழுக்காட்டினர், அவர்களில் எல்லாப் பெண்களும் இவ்வுடையை அணிவதில்லை, அணிபவர்களும் ஒரே வகையில் அணிவதில்லை என்றாலும், பல்லாயிரம் வீடுகளின் அன்றாட உடையாகவும் பல பெண்களின் பிழைப்பாகவும் இருக்கும் ஒரு தையல்வகை தனித்து ஆராயத் தக்கதே. அணிய வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு இவ்வுரையின் எல்லைக்குப் புறத்தே நிற்பது.

தையலின் கண்கொண்டு நோக்கினால் சமய மூலங்களிலேயே தையற்காரரின் சொல் ஒன்று கிடைக்கிறது. பெண்களின் உடை பற்றிப் பேசும் திருக்குர்ஆன் வசனம் (24:31), ‘கிமார்’ எனப்படும் தலைத்துணியை ‘ஜைப்’ என்பதன் மேல் இழுத்துவிட்டுக்கொள்ளுமாறு கூறுகிறது. ஜைப் என்பது சட்டையின் கழுத்தில் விடப்படும் திறப்பு. தலை நுழைவதற்காக வெட்டப்படும் அந்தப் பிளவே பின்னாளில் அரபு மொழியில் பொருள் வைக்கும் பையையும் குறிக்கலாயிற்று, அது உருதுவில் ‘ஜேப்’ ஆகி, சென்னைத் தமிழில் ‘ஜேபி’ என்று வழங்குகிறது. மற்றொரு வசனத்தில் (33:59) வரும் ‘ஜில்பாப்’ என்பது, அணிந்திருக்கும் உடைக்கு மேலாகப் போர்த்திக்கொள்ளும் பெரிய மேலாடையைக் குறிப்பது. இரண்டு வசனங்களிலும் நிறம் பேசப்படவில்லை. கறுப்பு என்பது வழக்கத்தால் வந்ததே ஒழிய விதியால் வந்ததன்று என்பதைத் தைப்பவரும் தைக்கக் கொடுப்பவரும் நினைவிற்கொள்வது நல்லது, ஏனெனில் தமிழ்நாட்டுக் கடற்கரையூர்களில் நெடுங்காலம் வழங்கிய மேலாடை வெள்ளை நிறத்தது.

அந்த வெள்ளை மேலாடையே ‘துப்பட்டி’. காயல்பட்டினம், கீழக்கரை முதலான ஊர்களின் பெண்கள் சேலைக்கு மேலாகத் தலைமுதல் கால்வரை துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு, ‘முடுக்கு’ எனப்படும் குறுகிய சந்துகளின் வழியே உறவினர் வீடுகளுக்குச் சென்றுவந்தனர். சேலையைப் போலவே துப்பட்டியும் தைக்கப்படாத ஆடை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அச்சொல்லின் பிறப்பு வேறொன்றைச் சொல்கிறது. வடமொழிகளில் ‘து’ அல்லது ‘தோ’ என்பது இரண்டு. ‘பட்’ என்பது நெய்த துணியின் அகலம், தமிழ்த் துணிக்கடைக்காரர்கள் ‘பன்னா’ என்று சொல்லும் அளவு. கைத்தறியின் பன்னா ஒருவரை முழுதும் போர்த்தப் போதாது என்பதால், இரண்டு பன்னாக்களைப் பக்கம் பக்கமாக வைத்து நடுவில் இணைத்துத் தைத்த துணியே துப்பட்டி, துப்பட்டா என்ற பெயர்களைப் பெற்றது. தைக்காத ஆடை என்று எண்ணப்படுவதன் நடுவிலும் ஒரு நீண்ட தையல் ஓடியது. உடலை மறைக்கும் ஆடை எதுவாயினும் தறியின் அகலத்தோடு அது போராடியே ஆக வேண்டும் என்பதற்கு அந்த ஒரு தையலே சான்று.

வெட்டித் தைத்த உடை தமிழகத்துக்கு இஸ்லாத்தோடு வந்தது என்ற எண்ணமும் திருத்தத் தக்கதே. முல்லைப்பாட்டு யவன வீரர்களின் சட்டையை ‘மெய்ப்பை’ என்கிறது. சிலப்பதிகாரத்தின் புகார் நகரத் தொழிலாளர் வரிசையில் ‘துன்னகாரர்’, அதாவது தையற்காரர், இடம்பெறுகின்றனர். துன்னுதல் என்பது நெருங்க இணைத்தல். திருவாசகத்தில் வரும் ‘குப்பாயம்’ என்ற சொல், உடலை மூடும் சட்டையைக் குறித்து இறைவனுக்கே அணிவிக்கப்பட்டிருக்க, அதே சொல்லைக் கேரளத்து மாப்பிளா முஸ்லிம் பெண்கள் தங்கள் நீண்ட கைச் சட்டைக்கு இன்றும் பெயராக வழங்குகின்றனர். காச்சி எனப்படும் கீழாடை, குப்பாயம், தட்டம் எனப்படும் தலைத்துணி ஆகிய மூன்றும் சேர்ந்ததே அவர்களின் மரபுடை. மாணிக்கவாசகரின் சொல் மாப்பிளாப் பாட்டியின் பெட்டியில் மடித்துவைக்கப்பட்டிருப்பது இம்மண்ணின் உடைவரலாறு எவ்வளவு பின்னிப் பிணைந்தது என்பதைக் காட்டுகிறது.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகு வளைகுடா நாடுகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து பெருகிய பயணம் இவ்வுடையின் வடிவை மாற்றியது. சென்னையின் உருது பேசும் குடும்பங்களில் கறுப்புப் புர்கா முன்பே இருந்தது. துப்பட்டியும் சேலை முந்தானையை இழுத்துவிடும் முக்காடும் வழங்கிய தமிழ் பேசும் குடும்பங்களில், ஊர் திரும்பியவர்கள் கொண்டுவந்த அபாயா மெல்லமெல்ல இடம்பிடித்தது. திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசலைச் சுற்றிய தெருக்களிலும் மண்ணடியிலும் இன்று ஆயத்த அபாயாக்கள் அடுக்கிவைக்கப்பட்டுள்ளன. அவற்றின் எண் 52, 54, 56, 58 என்று வருவது புதிதாக வாங்குவோரைக் குழப்புவதுண்டு. அந்த எண் மார்பளவன்று. தோளிலிருந்து அடிமடிப்பு வரையான நீளம், அங்குலத்தில். நீளம் ஒன்றை மட்டும் கொண்டு உடையை வகுப்பது, அகலம் எப்படியும் தாராளமாக இருக்கும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கும் முறை. அந்நம்பிக்கை பலருக்குப் பொய்த்துப்போவதால்தான் தெருமுனைத் தையற்காரப் பெண்ணின் தேவை தீராமல் இருக்கிறது.

தையற்கூடங்களில் ‘லூஸ்’ என்று சொல்லப்படுவது, உடலின் சுற்றளவுக்கும் உடையின் சுற்றளவுக்கும் இடையே விடப்படும் தளர்வு. இவ்வுடையின் உயிர் இதுவே; ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவாக லூஸ் விட்டால் உடை சாக்குப்பை போல் தொங்குமே தவிர மறைக்காது. தோள் சரியாக உட்கார வேண்டும். அங்கே தளர்ந்தால் கழுத்து பின்னுக்கு இழுபட்டு முன்கழுத்து மேலேறும். மார்பின் எழுச்சி துணியின் நீளத்தைத் தின்றுவிடுவதால், முன்துண்டையும் பின்துண்டையும் ஒரே நீளத்தில் வெட்டினால் நிற்கும்போது முன்பக்க அடி உயர்ந்து கணுக்கால் தெரியும். ரவிக்கையில் இதைச் சரிசெய்யும் ‘டார்ட்’ என்னும் கூம்புமடிப்பு இங்கே உடலின் வடிவைக் காட்டிவிடும் என்பதால், தேர்ந்த கை அம்மடிப்பை மூடிவிட்டு அதன் விரிவை அடிச்சுற்றுக்கு இறக்கி, முன்துண்டின் நடுவில் அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை கூட்டி வெட்டுகிறது. அக்குளில்தான் அனுபவம் வெளிப்படும். கையையும் உடலையும் ஒரே துண்டாக வெட்டும் வௌவால் கை தைப்பதற்கு எளிது, பார்ப்பதற்கும் விசாலமானது. ஆனால் அதை அணிந்த பெண் பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்கக் கையை உயர்த்தியதும் கைமுனை முழங்கை வரை சரிய, அடியும் ஒரு சாண் மேலேறுகிறது. தனிக்கை வைத்து, கைச்சுற்றை ஆழமாக்காமல் உயர்த்தி வெட்டி, மணிக்கட்டில் எலாஸ்டிக்கோ அழுத்துபொத்தானோ வைத்துவிட்டால் இந்தக் குறை தீரும். சிலர் உள்ளே முன்கையை மூடும் தனி உறை ஒன்றை அணிந்து சமாளிக்கின்றனர். அது வெட்டில் நேர்ந்த பிழைக்கு வெயிற்காலத்தில் அணிபவர் செலுத்தும் தண்டம்.

துணியின் அகலம் மீண்டும் இங்கே குறுக்கிடுகிறது. அடிச்சுற்று 100 அங்குலம் வேண்டுமானால் முன்னும் பின்னும் 50 அங்குல அகலத் துண்டுகள் விழ வேண்டும். 58 அங்குலப் பன்னா உள்ள துணியில் அது எளிதாக விழும், சுமார் மூன்றரை மீட்டரில் கைகளும் சேர்ந்து முடியும். 44 அங்குலப் பன்னா உள்ள பருத்தியில் விழாது. இருபுறமும் முக்கோணத் துண்டுகளை ஒட்டித்தான் அடியை விரிக்க வேண்டும். துப்பட்டிக்குத் துணி இணைத்தவர் கண்ட சிக்கலே வேறு உருவில் தொடர்கிறது என்பதோடு, பருத்தியைத் தைப்பவர்கள் விரும்பாததற்கும் பாலியஸ்டர் எளிதில் வென்றதற்கும் இந்தப் பன்னாக் கணக்கு ஒரு காரணம்.

சென்னையின் தெற்கே பாலவாக்கம் போன்ற ஒரு கடலோரப் பகுதியை எடுத்துக்கொண்டால் துணித்தேர்வின் முழுச் சிக்கலும் கண்முன் விரியும். 2011இல் மாநகராட்சியோடு இணைந்த இவ்வூருக்குக் கிழக்கே கடல். மேற்கே சிறிது தொலைவில் பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி அலுவலகங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கே சென்றால் கோவளம் தர்கா. இங்கு வாழும் ஒரு பெண் ஒரே நாளில் குளிரூட்டிய அறையிலும், பிற்பகல் வெயிலிலும், கடற்காற்றிலும் ஒரே உடையோடு இருக்க நேர்கிறது. அபாயாவுக்கு இன்று பெரிதும் விற்கும் ‘நிதா’வும் ஜார்ஜெட்டும் பாலியஸ்டர் துணிகள், கசங்குவதில்லை, விரைவில் உலர்கின்றன, கறுப்பு வெளுப்பதும் குறைவு. ஆனால் அவை வியர்வையை உறிஞ்சுவதில்லை. குளிரூட்டிய வறண்ட அறையில் நிலைமின்னேற்றம் பெற்றுக் காலோடு ஒட்டிக்கொள்கின்றன. கடற்காற்றில் மெல்லிய துணி உடலோடு அழுந்தி, தளர்வாகத் தைத்ததன் பயனையே இல்லாமலாக்குகிறது. காற்றுக்கு மருந்து அடிமடிப்பில் இருக்கிறது. கால் அங்குலச் சுருட்டுமடிப்புக்குப் பதிலாக ஒன்றரை அங்குல அகலத்தில் மடித்துத் தைத்தால் அந்த மடிப்பின் எடையே துணியைக் கீழே இழுத்து நிறுத்தும். ஒட்டுவதற்கு மருந்து உள்ளே அணியும் பருத்திப் பாவாடை. வெயிலுக்கு மருந்து துணியையே மாற்றுவதுதான்: ஈரோட்டுப் பகுதியில் பெருமளவில் நெய்யப்படும் ரேயான், மரக்கூழிலிருந்து எடுக்கப்படும் இழை என்பதால் வியர்வையை வாங்கிக்கொள்கிறது, இயல்பாகத் தழைந்தும் விழுகிறது, வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்தாவிட்டால் முதல் சலவையில் சுருங்கி 56 அங்குல உடை கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும் என்ற ஒன்றை மட்டும் மறக்கலாகாது. தலைத்துணிக்குத் திருப்பூர்ப் பின்னல்துணி ஊசி குத்தாமலே நிற்கும். பிறநாட்டு வறண்ட வெயிலுக்காகத் தேர்ந்த துணியை வங்கக் கடலோரப் புழுக்கத்தில் அணிந்து பெண்கள் படும் அவதி சமயத்தின் கட்டளையன்று, துணிச்சந்தையின் பழக்கமே என்பது இவ்வுரையின் துணிபு.

துணி உள்ளே தெரியுமா என்பதைக் கடையின் விளக்கொளியில் சோதிப்பது வீண். ஒற்றை மடிப்பாக உள்ளங்கை மேல் விரித்து, வாசலுக்கு வந்து, கையை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும். விரலிடுக்குகள் தெரிந்தால் அதற்கு லைனிங் தேவை. கறுப்பு என்பதாலேயே எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்று நம்பி வாங்கும் ஜார்ஜெட் இச்சோதனையில் பெரும்பாலும் தோற்கும்.

தொழுகைக்கான உடையில் தையற்காரர் அறிய வேண்டிய சட்டநுட்பம் ஒன்றுண்டு. தமிழ்நாட்டுக் கடற்கரையூர் மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி சட்டப்பள்ளியையும், ராவுத்தர்களும் உருது பேசுவோரும் பெரும்பாலும் ஹனஃபி சட்டப்பள்ளியையும் பின்பற்றுகின்றனர். ‘அவ்ரத்’, அதாவது மறைக்கப்பட வேண்டிய உடற்பகுதி, தொழுகையில் பெண்ணுக்கு முகமும் கைகளும் நீங்கலாக உடல் முழுவதும் என்பது ஷாஃபி நிலை. அதில் பாதமும் அடங்கும். ஹனஃபியரின் வலுவான கருத்தில் பாதம் அடங்காது. ஆகவே ‘மக்கனா’ எனப்படும் தொழுகை உடையை ஷாஃபி வீட்டுப் பெண்ணுக்குத் தைக்கும்போது குனிந்தாலும் சிரம்பணிந்தாலும் பாதம் வெளிப்படாதபடி பின்துண்டை நீட்ட வேண்டும், இல்லையேல் அவர் காலுறை அணிய வேண்டியிருக்கும். முகத்துளையை நாடியின் அடியிலிருந்து உச்சந்தலை வரை சுற்றி அளந்து, ஓரத்தில் மெல்லிய எலாஸ்டிக் கோக்க வேண்டும். பெரிதானால் குனியும்போது சரியும், சிறிதானால் காதை அறுக்கும். ஹஜ் பயணத்தில் ஆண்கள் தைக்காத ஆடை அணிய, பெண்களுக்குத் தைத்த உடைக்குத் தடையில்லை. ‘இஹ்ராம்’ எனப்படும் அப்பயணத்தின் புனித நிலையில் முகத்திரையும் கையுறையும் மட்டும் அவர்களுக்கு விலக்கு.

அடக்கத்தோடு பாதுகாப்பும் தைக்கப்பட வேண்டும். இருசக்கர வண்டியில் செல்லும் பெண்ணின் அபாயா அடி சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஊறு. வண்டி ஓட்டுபவருக்குத் தைக்கும்போது அடிச்சுற்றைக் குறைத்து, கணுக்காலுக்குச் சற்று மேலே நிறுத்தி, உள்ளே கால்சட்டை அணியச் சொல்வதே பொறுப்பான தையல். அடுப்படியில் அகன்ற கைமுனை தீயை எளிதில் இழுக்கும். பாலியஸ்டர் எரியும்போது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் சமையல் வேளைக்குரிய உடையேனும் பருத்தியாக இருக்க வேண்டும். பாலூட்டும் தாய்க்கு முன்பக்க மடிப்பின் கீழ் மறைவாக இரண்டு ஜிப் வைத்துத் தைப்பது ஆயத்த உடைகளில் அரிது, அளவெடுத்துத் தைப்பவருக்கு அரைமணி நேர வேலை.

உலக அரங்கிலும் இவ்வகை உடையில் புதுமை செய்தவர்கள் தையலறிந்த பெண்களே. லெபனானில் பிறந்து ஆஸ்திரேலியாவின் சிட்னியில் வாழும் அஹீதா சனெட்டி 2004இல் வடிவமைத்த ‘புர்கினி’ என்னும் நீச்சலுடை, 2016 கோடையில் பிரெஞ்சுக் கடற்கரை நகரங்கள் சிலவற்றில் தடை செய்யப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்ட் 26 அன்று அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றத்தால் ஒரு நகரின் தடை நிறுத்திவைக்கப்பட்டது. இந்தியாவில், கர்நாடகக் கல்லூரிகளில் தலைத்துணிக்கு விதித்த தடை பற்றிய வழக்கில் 2022 மார்ச் 15 அன்று அம்மாநில உயர்நீதிமன்றம் தடையை ஏற்க, அக்டோபர் 13 அன்று உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புகள் அளித்தனர். அவ்வழக்கின் வாதங்களில், கேந்திரிய வித்யாலயப் பள்ளிகள் முஸ்லிம் மாணவியருக்குச் சீருடையின் நிறத்திலேயே, சிவப்பு ஓரம் தைத்த தலைத்துணியை ஏற்றிருப்பது எடுத்துக்காட்டப்பட்டது. நாடு முழுவதையும் உலுக்கிய ஒரு வழக்கில் ஒரு முழத் துணியும் அதன் ஓரத் தையலும் தீர்வாகச் சுட்டப்பட்டது கருதத் தக்கது.

அளவெடுப்பது யார் என்பது இத்தொழிலின் அடிப்படைக் கேள்வி. ஆண் தையற்காரரிடம் உடலளவு கொடுக்கத் தயங்கும் பெண்கள், பொருந்திய பழைய உடை ஒன்றை ‘அளவு ஜாக்கெட்’, ‘அளவு பர்தா’ என்று கொடுத்தனுப்புவது தமிழ்நாட்டில் எல்லாச் சமயத்தாரிடமும் உள்ள வழக்கம். நாணத்தைக் காக்கும் அவ்வழக்கம் உடையைக் காப்பதில்லை. பழைய உடையின் பிழைகளும் சலவையில் ஏற்பட்ட சுருக்கமும் புதிய உடைக்கு அப்படியே ஏறுகின்றன. பெண் தையற்காரரிடம் நேரில் நின்று, அணியும் செருப்போடு நீளமும், கையை உயர்த்தியும் மடக்கியும் கையளவும் கொடுப்பதே முறை. தமிழ்நாட்டின் மாவட்டங்கள்தோறும் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்கள் திரட்டும் நிதிக்கு அரசு இணை மானியம் அளிக்கிறது. 1999இல் தொடங்கிய தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் கடன் அளிக்கிறது. சமூகநலத் துறையின் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. இயந்திரம் வீட்டுக்கு வந்த பிறகு அதில் ஓடும் வேலைக்குக் கிடைக்கும் கூலியே கவலைக்குரியது.

56 அங்குல நீளமும் 100 அங்குல அடிச்சுற்றும் உள்ள, முன்திறப்பில்லாத, வேலைப்பாடு ஏதுமில்லாத அபாயா ஒன்றின் தையலை அளந்து பார்க்கலாம். இரு ஓரங்கள் 92 அங்குலம், கைகளின் உட்தையல் 36, கை பொருத்தும் சுற்று 40, தோள் 12, அடிமடிப்பு 100, கைமுனை 20, கழுத்து 24. ஆக 324 அங்குலம், அதாவது 27 அடி. பிசிறு வராமல் ஓரங்களுக்கும் தோளுக்கும் கைக்கும் ஓவர்லாக் அடித்தால் மேலும் 15 அடி. வழுக்கும் கறுப்புத் துணியில், கறுப்பு நூலில், பெரும்பாலும் இரவு விளக்கில், வீட்டு வேலை முடிந்த பின் இந்த 42 அடியும் ஓடுகிறது. ‘நேரான தையல்தானே’ என்று ரவிக்கைக்கும் குறைவாக இதற்குக் கூலி பேசுவோர், அடுத்த முறை அடிமடிப்பை ஒரு சுற்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் இயங்கும் தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில், கடையில் தைப்பவர்களைப் போலவே வீட்டில் தைப்பவர்களும் உறுப்பினராகப் பதிந்துகொள்ளலாம். விபத்து உதவி, மகப்பேறு உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, 60 வயது நிறைந்தபின் ஓய்வூதியம் ஆகியவை உறுப்பினருக்கு உண்டு. திரைக்குள் அமர்ந்து திரை தைக்கும் பெண்களில் பலர் தங்களைத் தொழிலாளி என்று எண்ணாததால் அப்பதிவேட்டுக்கு வெளியே இருக்கின்றனர். அவர்களிடம் துணி கொடுக்கும் ஒவ்வொருவரும், உடையை வாங்கிக்கொள்ளச் செல்லும் நாளில், அப்பதிவுக்கான விண்ணப்பம் ஒன்றையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.